பைக்கு ஏது கழுத்து

அளவெடுப்பவர்கள் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. அவளே பத்து வருடமாக அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பில் அரை அங்குலம் பிடிப்பது, அறுந்துபோன பைக்குக் காது வைப்பது என்று பழைய துணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் சின்னக் கடை அவளுடையது. அளவு எடுத்தால் அடுத்து ஊசியை எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த உலக நியதி. அளவை மட்டும் எடுத்து, அதற்குச் சட்டம் போட்டு மாட்டி, எதிரில் நின்று கைதட்டும் இடம் ஒன்று இருக்கும் என்பது பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்குப் போகும்வரை அவளுக்குத் தெரியாது.

அப்போது அவள் வயிற்றில் இருபது வாரக் குழந்தை. இதற்கு முன் ஒன்று வந்து, போய்விட்டிருந்தது. வலி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. இருபத்திரண்டாவது வாரத்தில், கடையில் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றிருந்தபோது தண்ணீர்க்குடம் உடைந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், எதைப் பிரித்தாலும் திருப்பிச் சேர்க்கத் தெரிந்தவன். அவனும் அந்த விஷயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அதைப் பற்றி இரண்டு வருடமாக அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்தத் தடவை தெருமுனை டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தார். "குழந்தை இருக்கிற பைக்கு அடியில மூடி மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது நீளமா, கெட்டியா மூடியிருக்கணும். சீக்கிரமே குட்டையாயிட்டா குழந்தை நேரத்துக்கு முன்னாடியே நழுவிரும். ஸ்கேன்ல அதை அளந்து பாத்துரலாம். இருபத்தஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா ஒரு தையல் போட்டு இறுக்கிரலாம். ஆனா இருபத்திநாலு வாரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கப்புறம் போட மாட்டாங்க."

தையல் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. தையலில் தீராத எதையும் அவள் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் எதிரே ஒரு பலகை. மேலே 'குறைமாதப் பிரசவ முன்கணிப்புத் துறை'. நடுவில் 'நாங்கள் சொன்னது பலிக்கும்'. கீழே சிவப்பு விளக்கெழுத்தில் 'இன்றைய துல்லியம்: 96.4'. நடைவழியின் குறுக்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முன்கணிப்புத் துறை, வலப்பக்கம் சிகிச்சைத் துறை. இடப்பக்கம் உட்கார இடமில்லாமல் பெண்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். வலப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள் ஒருவர் நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எடுப்பவரை எல்லோரும் அளவுக்கார அக்கா என்றார்கள். ஐம்பதைத் தாண்டியவர், முழங்காலில் வலி, குரலில் அதைவிடப் பெரிய அலுப்பு. "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருங்கம்மா. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா அது அழுத்தி, இல்லாத நீளத்தைக் காட்டிரும். உள்ள வெச்சுப் பாக்குற ஸ்கேன் இது, வலிக்காது. மூணு தடவை அளப்பேன். எது குறைச்சலோ அதுதான் அளவு."

மூன்று தடவை அளப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அவளும் அப்படித்தான். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அக்கா இரண்டு புள்ளிகள் வைத்து நடுவே கோடு இழுத்தார். பத்தொன்பது. மறுபடி, பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு.

"முன்னாடி ஏதாவது ஆச்சாம்மா?"

"ஒண்ணு. இருபத்திரண்டுல."

அக்கா அவள் முழங்காலில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார். பிறகு சுவரில் இருந்த மணியைப் பார்த்தார். "மன்னிச்சுக்கம்மா. இருபத்தஞ்சுக்குக் கீழ வந்தா இதை அடிக்கணும். விதி."

மணி அடித்தது. கதவு திறந்து ஐந்து பேர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அவள் அவசரமாகப் போர்வையை இழுத்துக்கொண்டாள். முன்னால் வந்தவர் துறைத்தலைவர். முதுகுக்குப் பின்னால் அவரைத் தீர்க்கதரிசி என்று கூப்பிடுவார்கள். அது அவருக்குத் தெரியும், ஆட்சேபித்ததில்லை.

"பதினெட்டு," என்று திரையைப் பார்த்துப் பூரித்தார் தீர்க்கதரிசி. "அதோட பழைய சரித்திரமும் இருக்கு. ரொம்ப அருமையான கேஸ்மா நீங்க. வாழ்த்துகள்."

பொன்னிறக் கரை போட்ட கெட்டித் தாள் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்கள். 'கருப்பைக் கழுத்து நீளம் பதினெட்டு மில்லிமீட்டர். மேற்படி தாய்க்கு இருபத்தெட்டு வாரத்துக்குள் பிரசவம் நிகழும்' என்று அதில் அச்சடித்திருந்தது. ஓரத்தில் ஊதா முத்திரை: 'கணிப்பு நிலுவையில். தொடாதீர்.'

அவள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு இப்ப என்ன சார் பண்ணணும்?"

கைதட்டல் நின்றது.

"என்ன பண்ணணும்னா?"

"தையல் போடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல இருந்தது அவர்களுக்கு. தீர்க்கதரிசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் அல்ல, விளக்குகிறவர்.

"அம்மா, உங்களைப் பாத்தா விவரமானவங்களாத் தெரியுது. பொறுமையாக் கேளுங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் துறையைப் பாத்து ஊரே சிரிச்சுது. நாங்க குறைமாசம்னு சொல்லுவோம். உடனே எதிர்ப்பக்கத்துக்காரங்க தையலைப் போட்டுருவாங்க, இல்ல மருந்தை வெச்சுருவாங்க. குழந்தை ஜம்முனு முழு மாசத்துல பொறந்துரும். வருஷக் கடைசியில பாத்தா எங்க துல்லியம் நாப்பத்தொண்ணு. மாநாட்டுல என்னைக் கடைசி வரிசையில உக்கார வெச்சாங்க. சொன்னதெல்லாம் நடக்காமப் போனா அதுக்குப் பேர் விஞ்ஞானமா? அப்புறம்தான் விதி கொண்டுவந்தோம். கணிப்பு நிலுவையில இருக்கிற கருப்பைக் கழுத்தை யாரும் தொடக்கூடாது. இப்பப் பாருங்க, தொண்ணூத்தாறு புள்ளி நாலு."

"அப்ப குழந்தை?"

"குழந்தையைப் பத்தித்தானேம்மா பேசிக்கிட்டிருக்கேன். உங்க குழந்தையைப் பத்தி இவ்வளவு துல்லியமா வேற யாரு சொல்லுவா?"

அவர் போன பிறகு அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் கோடு நான்கு அடி தூரத்தில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. தாண்டிப் போய் ஜன்னலில் தாளை நீட்டினாள். நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"கழுத்துன்னு போட்டிருக்கே. எங்க பக்கம் கழுத்து கிடையாதும்மா."

"கருப்பைக் கழுத்துங்க."

"எந்தக் கழுத்தும் கிடையாது. எங்க படிவத்துல வாய்தான். கருப்பை வாய். கழுத்து வேணும்னா தரைத்தளம், பன்னிரண்டாம் அறை."

இது அந்த மருத்துவமனையின் ஏழு வருடச் சண்டை. படிவங்களையெல்லாம் மக்கள் மொழியில் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, இடப்பக்கத்துக்காரர்கள் கழுத்து என்று எழுதினார்கள், வலப்பக்கத்துக்காரர்கள் வாய் என்று எழுதினார்கள். எது சரி என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டு, அது இருபத்தேழு தடவை கூடி, இருபத்தெட்டாவது தடவை எங்கே கூடுவது என்பதில் கருத்து வேறுபட்டுக் கலைந்திருந்தது. டாக்டர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். படிவத்தைப் படிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

பன்னிரண்டாம் அறையில் கழுத்து எலும்பு டாக்டர் இருந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர். தாளைப் படித்தார், அவள் கழுத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் படித்தார். ஒரு நாடாவை எடுத்துக் காதிலிருந்து தோள்வரை அளந்தார். பதினொரு சென்டிமீட்டர் வந்தது.

"பதினெட்டு மில்லிமீட்டர்னு போட்டிருக்காங்களே," என்றார் கவலையோடு. "என் நாடாவுலதான் ஏதோ கோளாறு. அவங்க தப்பா அளக்க மாட்டாங்க, தொண்ணூத்தாறு."

"சார், இது மேல இருக்கிற கழுத்து இல்ல. கருப்பைக் கழுத்து."

"எந்தக் கழுத்தா இருந்தாலும் ஆட்டாம வெச்சுக்கிறது நல்லதும்மா." அவள் கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பஞ்சுப் பட்டை ஒன்றை மாட்டி, பின்னால் ஒட்டிவிட்டார். "மூணு வாரம் கழட்டாதீங்க. குனிஞ்சு பாக்காதீங்க."

பஸ்ஸில் அவளுக்கு இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வயிற்றுக்காக அல்ல, பட்டைக்காக. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் எழுந்துவிட்டான். "ஸ்கேன் எடுக்கத்தானே போனே?" அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குனிய முடியாததால் கண்ணீர் நேராகப் பட்டைக்குள் இறங்கியது. அவன் பின்னால் வந்து அதைப் பிரித்து எடுத்தான்.

"தையல் போட்டுட்டாத் தங்கிரும்ங்க இது," என்றாள். "போன தடவை எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சும் சும்மா உக்காந்திருக்கச் சொல்றாங்க."

வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவன் இரண்டு நாள் அலைந்தான். போன இடத்தில் எல்லாம் முத்திரையைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய இடத்துக் கணிப்பில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் ஒருவர், கணிப்பை ரத்து செய்ய அங்கேயே ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

இருபத்தொன்றாவது வாரம் இரண்டு பேருமாகப் பதிவாளரைப் பார்க்கப் போனார்கள். முன்கணிப்புத் துறையின் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்த, மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர். அந்த இடத்தில் அவர்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"தாராளமா ரத்து பண்ணலாம்மா. கணிப்பு தப்புன்னு நிரூபிச்சாப் போதும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மறுபடி அளந்து இருபத்தஞ்சுக்கு மேல வரணும்."

"வந்தா தையல் போடுவாங்களா?"

"இருபத்தஞ்சுக்கு மேல இருந்தா எதுக்கும்மா தையல்?"

"இன்னொரு வழி?"

"முழு மாசத்துல பெத்துட்டு வந்து காமிங்க. அன்னைக்கே ரத்து பண்ணிருவோம், ஒரு நாள் கூடத் தாமதிக்க மாட்டோம். ரெண்டு நகல் எடுத்துட்டு வாங்க."

கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நான் லிஃப்ட் வேலை பாக்குறவன்ங்க. கயிறு அறுந்துரும்னு தெரிஞ்சா நான் கயிறை மாத்துவேன். அறுந்து விழுதா இல்லையான்னு கீழ நின்னு பாக்க மாட்டேன்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திட்டா விழாதே தம்பி. அறுந்துரும்னு நீங்க சொன்னது பொய்யாயிருமே. உங்க தொழில்ல அதைப் பத்தி யாரும் வருத்தப்பட மாட்டாங்களா?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெளியே வந்ததும் கணவன் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

முதல் வழியைப் பார்த்துவிடுவோம் என்று அவள் மறுபடி அளக்கப் போனாள். பதினைந்து வந்தது. உள்பக்கம் புனல்போல விரியத் தொடங்கிவிட்டது என்று அக்கா முணுமுணுத்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு மணியை அடித்தார். ஐந்து பேரும் வந்தார்கள். மூன்று மில்லிமீட்டர் குறைந்ததற்காக இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகக் கைதட்டினார்கள். "நல்ல முன்னேற்றம்," என்றார் தீர்க்கதரிசி. "இப்படியே போனா இருபத்தாறு வாரத்துக்குள்ளயே முடிஞ்சிரும். நீங்க எங்க துறைக்கே ஒரு பெருமைம்மா."

அடுத்த நாள் அவளுக்கு இருபத்திரண்டாவது வாரம் ஆரம்பித்தது. கடையை அடைத்துப்போட்டாள். நடந்தால் பயம், தும்மினால் பயம், கழிவறைக்குப் போனால் பயம். ஒவ்வொரு தடவையும் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். குழந்தை உள்ளே உதைக்கத் தொடங்கியிருந்தது. உதைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் மெதுவாக உதைக்கக்கூடாதா என்றும் இருந்தது.

அன்று காலையே அளவுக்கார அக்கா போனில் கூப்பிட்டார். சுற்றிவளைக்கவில்லை. "ஜன்னலுக்குப் போகாதீங்க. தையல் டாக்டர் பதினோரு மணிக்குப் பின்பக்கப் படிக்கட்டுல உக்காந்து டீ குடிப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

தையல் டாக்டர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி, நீளமான விரல்கள். அவள் தாளைக் காட்டியதும் வாங்கிப் பார்க்காமலே தலையசைத்தார்.

"தினமும் அந்த மணி எனக்கும் கேக்குதும்மா. ஒரு தடவை அடிச்சா ஒரு தையல்னு மனசுக்குள்ள எண்ணிக்குவேன். மூணு வருஷமா ஊசி எடுக்கல. தொட்டேன்னு வைங்க, என் உரிமத்தை வாங்கிருவாங்க. கழுத்தைத் தொடக்கூடாதுன்னு விதியில தெளிவா இருக்கு."

அவள் போகவில்லை. ஒரு படி கீழே மெல்ல உட்கார்ந்தாள். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றாமல் தொழில்காரியாக ஒன்று கேட்டாள். "அது எப்படி டாக்டர் போடுவீங்க, அந்தத் தையல்?"

டாக்டர் மடியிலிருந்த கைக்குட்டையை விரலில் சுற்றிக் காட்டினார். "சுத்திவர ஊசியால கோத்துக்கிட்டே வந்து, கடைசியில இழுத்து முடிச்சுப் போட்டுருவோம். பிரசவத்துக்கு முன்னாடி முடிச்சை வெட்டிருவோம்."

"சுருக்குப் பைக்கு வாயில கயிறு கோக்கிற மாதிரி."

"அதேதான்."

"அப்ப இதை எதுக்குக் கழுத்துங்கறாங்க?" என்றாள் அவள். அவளுக்கு அது உண்மையாகவே எரிச்சலாக இருந்தது. வேலை தெரியாதவன் பட்டனைப் பட்டி என்று சொன்னால் வருகிற எரிச்சல். "கருப்பைன்னா பைதானே டாக்டர். பைக்கு ஏது கழுத்து? நான் ஆயிரம் பை தெச்சுக் கொடுத்திருக்கேன். வாய் கிழிஞ்சிருக்கும்பாங்க, வாயை மடிச்சு அடிங்கம்பாங்க. ஒருத்தரும் கழுத்துன்னு சொன்னதில்ல. அது வாய்தான்."

டாக்டர் டீக் குவளையை உதட்டருகே வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு அதைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"விதியில வாய்னு எங்கயுமே இல்ல," என்றார் மெதுவாக, தனக்குத்தானே. "ஒரு எழுத்துகூட இல்ல."

சிகிச்சைத் துறையின் படிவம் ஒன்றைத் தேடியெடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, 'கருப்பை வாய்ச் சுருக்குத் தையல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஜன்னல்காரர் அதை வாங்கிப் படித்து முகம் மலர்ந்தார். "வாயா? வாய்னா எங்களுதுதான்." மூன்று வருடத்தில் முத்திரை மை காய்ந்துபோயிருந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், முன்கணிப்புத் துறையிலேயே கேட்டு மை வாங்கி வந்தார். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. இருபது நிமிடம். டாக்டரின் கை முதல் இரண்டு கோப்புக்குத் தயங்கியது, பிறகு பழைய ஓட்டம் வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் பிற்பாடு சொன்னாள். முடிச்சுப் போட்டதும் டாக்டர் முகக்கவசத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். எதற்கென்று நர்ஸ் சொல்லவில்லை.

முன்கணிப்புத் துறைக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் முறைப்படி தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தார்கள்.

"ஆச்சாம்மா?"

"இல்லைங்க."

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஆயிரும்."

இருபத்தாறாவது வாரம் தாண்டியது. குரலில் உற்சாகம் குறைந்தது. இருபத்தெட்டு முடிந்த அன்று தீர்க்கதரிசியே பேசினார். "நாங்க உங்களை எவ்வளவு நம்பினோம். இன்னும் கொஞ்சம் நடந்து கிடந்து பாக்கக்கூடாதா?" அவள் போனை வைத்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். முப்பது தாண்டியது. முப்பத்திரண்டில் போன் வருவது நின்றுவிட்டது. யாரோ வேண்டியவர் வீட்டில் துக்கம் நடந்ததுபோல அந்தத் துறையில் அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். முப்பத்தேழாவது வாரம் தையல் டாக்டர் முடிச்சை வெட்டினார். முப்பத்தெட்டில் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்ததும் அழுத அழுகையில் நடைவழியில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தான்.

ஒன்றரை மாதம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். பலகையில் 96.1 என்று ஒளிர்ந்தது.

தீர்க்கதரிசி அப்போதும் கோபப்படவில்லை. வருத்தத்தில் இருந்தார். குழந்தையைப் பார்த்ததும் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். "நான் யாரையும் குத்தம் சொல்லல. டாக்டர் மேலயும் நடவடிக்கை எடுக்க முடியல, விதியை மீறலைன்னு சட்டப் பிரிவுல சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்கம்மா. ஒரு துறை ராப்பகலா உழைச்சு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுது. அதைக் காப்பாத்திக் கொடுக்க உங்களுக்கு மனசு வரல." பிறகு பார்வையை இவள் பக்கம் திருப்பினார். "இருந்தாலும் உங்களால ஒரு நன்மை. ஏழு வருஷமாத் தீராத சண்டை ஒரே மத்தியானத்துல தீர்ந்துபோச்சு. கழுத்தும் வாயும் ஒண்ணுதான்னு, கலைஞ்சுபோன குழு மறுபடி கூடி ஒரே மனசா முடிவு பண்ணிருச்சு. நேத்துல இருந்து விதியில ரெண்டு சொல்லும் இருக்கு. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அவள் வெளியே வந்தாள். இடப்பக்க பெஞ்சில் பொன்னிறக் கரைத் தாளைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இவள் கையிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இவள் நடையை எட்டிப் போட்டாள். ஸ்கேன் அறை வாசலில் அளவுக்கார அக்கா அவளைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"வாயையும் சேத்துட்டாங்களாமே அக்கா. இனிமே வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"வேற சொல் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார் அக்கா, அதே அலுத்த குரலில். "கருப்பை வாசல்னு ஒண்ணு கிடைச்சிருக்கு. இன்னும் விதியில ஏறல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அது ஏறுறதுக்குள்ள எத்தனை பேரைப் படிக்கட்டுக்கு அனுப்ப முடியுமோ அனுப்பிட்டு, அப்புறம் அடுத்த சொல்லுக்குப் போகணும். முடியல போ. முட்டி வேற வலிக்குது."

கடைசியாகப் பதிவாளர் அறை. அவர் எழுந்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். தடித்த பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுதும்மா."

மில்லிமீட்டர், சொன்ன வாரம், நடந்த வாரம், எடை, முடிவு என்று கட்டங்கள். எல்லாம் நீல மையில், அழகான கையெழுத்தில். அவள் மேலிருந்து படித்தாள். பதினாறு, இருபத்தாறுக்குள், இருபத்துநான்கு, ஐந்நூற்றுப் பத்து கிராம், பலித்தது. இருபது, இருபத்தெட்டுக்குள், இருபத்தைந்து, அறுநூற்று நாற்பது, பலித்தது. பன்னிரண்டு, இருபத்துநான்குக்குள், இருபத்தொன்று. அங்கே எடைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. பக்கத்தில் பலித்தது. அந்தக் கோடு என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலித்தது, பலித்தது என்று பக்கத்தின் அடிவரை போயிற்று. அடியில் அவளுடைய வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. பதினெட்டு, இருபத்தெட்டுக்குள், முப்பத்தெட்டு, இரண்டாயிரத்து எண்ணூறு, பிழைத்தது.

அந்தச் சொல்லை அவள் இரண்டு தடவை படித்தாள். குழந்தை தூக்கத்தில் ஒரு தடவை உடம்பை முறுக்கிவிட்டு மறுபடி அடங்கியது.

அவள் முகத்தைப் பார்த்துப் பதிவாளருக்கு மனசு கேட்கவில்லை. "சிவப்பு மைன்னு வருத்தப்படாதீங்கம்மா. எப்பவாவது ஒண்ணு இப்படி ஆகுறதுதான். மேல இருக்கிறவங்க யாருக்கும் ஒரு தப்பும் நடக்கல. உங்க ஒருத்தருக்குத்தான் இப்படி ஆயிருச்சு."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட வெகுநேரம் ஆயிற்று. முந்தின பக்கத்தைப் புரட்டி, அதற்கும் முந்தின பக்கத்தைப் புரட்டி, எல்லா வரிகளையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் போட்டாள்.